மூன்று பேர் இருந்தால் மட்டும்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருந்த அனுமதி அலுவலகத்தில் எழுத்தர் என் படிவத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தனியா விட முடியாதும்மா. மேல வானிலை சரியில்ல. மூணு பேர் இருந்தா மட்டும்தான் சீட்டு."

"முன்பதிவு பண்ணும்போது இதச் சொல்லலியே?"

"அப்ப வானம் நல்லா இருந்துச்சு."

நான்கு நாள் நடை, எழுபத்தைந்து கிலோமீட்டர், இடையில் தங்க மூன்று விடுதிகள். ஆறு மாதமாக நானும் என் நாத்தனாரும் படம் போட்டு, பட்டியல் போட்டு, மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிய திட்டம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். "அண்ணி, நீங்களாவது போயிட்டு வாங்க. இல்லேன்னா அந்தப் பாவமும் என் தலையில" என்று அனுப்பி வைத்தாள்.

நான் லிஃப்ட் பரிசோதகர். அடுக்குமாடிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள லிஃப்ட்டுகளின் கம்பிக் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து, ஓடலாம் அல்லது ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. "போன வாரம்தான் மேடம் மாத்தினோம்" என்று யாராவது எதையாவது காட்டினால் முதலில் அதைத்தான் கழற்றச் சொல்வேன். இருபத்து மூன்று வருடத்தில் இந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று என் கணவர் சொன்னாலும் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்பார். நானும் சிரித்துவிடுவேன். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

எழுத்தர் மேசையின் மறுமுனையைக் காட்டினார். "அவங்க ரெண்டு பேரு. அவங்களையும் இதே காரணத்துக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். மூணு பேரும் சேந்துக்கிட்டா இப்பவே கிளம்பலாம்."

ஒல்லியான ஓர் ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டில் கட்டுமஸ்தான ஒரு பெண், அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்றும், அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள் என்றும் தெரிந்துகொண்டேன்.

எழுத்தர் புதுச் சீட்டில் எங்கள் மூவரையும் எழுதிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும்...?" என்று இழுத்தார்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். லிஃப்ட் வந்து நின்ற பிறகு கதவு திறக்க எடுத்துக்கொள்ளுமே, அவ்வளவு நேரம்.

"தங்கச்சி" என்றார் கண்ணாடிக்காரர்.

"அவசரத்துக்கு ஒரு நம்பர் குடுங்க. கடை நம்பர் வேண்டாம். வீட்டு நம்பர்."

"என்னோடது எழுதட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம். ஒண்ணு போதும்" என்று அவர் பேனாவை வாங்கித் தன் வீட்டு எண்ணை எழுதினார். எழுதி முடித்த பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனதுக்குள் ஒரு சின்ன மணி அடித்தது.

முதல் நாள் மழை தூறலாகத்தான் இருந்தது. காட்டுக்குள் ஏற்றம். பேச மூச்சில்லாததால் யாரும் அதிகம் பேசவில்லை. மாலையில் முதல் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, ஈரக் காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொது அறையில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்காரர் கெட்டிலில் வெந்நீர் வைத்தார்.

"உனக்குப் பால் போடலாமா, கறுப்பாவே குடிப்பியா?" என்று தங்கையைக் கேட்டார்.

"பால் ஆகாது" என்றாள் அவள்.

"ஓ. சரி."

எனக்கு மூன்று தம்பிகள். யாருக்கு எது ஆகும் ஆகாது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாற்பத்தைந்து வயது அண்ணனுக்குத் தங்கைக்குப் பால் ஆகாது என்று தெரியாதா? கல்யாணம் ஆகிப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் சூப் வந்தது. அவள் கரண்டியை இடது கையில் எடுத்தாள். "நீ இடதுகைக்காரியா?" என்றார் அவர், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். காது மட்டும் அவர்கள் பக்கம் இருந்தது.

இரண்டாம் நாள் மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. மழை வலுத்தது. மூடுபனியில் பாதை தெரியாமல், நூறு நூறு அடிக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருந்த கற்குவியல்களைத் தேடித் தேடி நடந்தோம். நான் நடுவில். அவள் முன்னால், அவர் பின்னால். பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"சின்ன வயசுல ரெண்டு பேரும் சண்ட போடுவீங்களா?"

முன்னால் போனவள் திரும்பாமலே சொன்னாள். "நேரமே கிடைக்கலக்கா."

பின்னால் வந்தவர் இருமினார்.

மதியம் ஒரு பாறை மறைவில் ரொட்டியும் வேர்க்கடலையும் சாப்பிடும்போது குளிர் தாங்காமல் அவர் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாம்பல் நிறம், காதை மூடும் தொப்பி. அவள் அதை எட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க அம்மா பின்னினதா?"

கேட்டவுடனே அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் தலையை லேசாக அசைத்தார். என் பக்கம் கண்ணால் காட்டினார். நான் வேர்க்கடலையில் தோல் உரிப்பதில் மும்முரமாக இருப்பதுபோல இருந்தேன்.

உங்க அம்மா. எந்தத் தங்கையாவது அண்ணனைப் பார்த்து இப்படிக் கேட்பாளா? அம்மா என்பாள், அல்லது நம்ம அம்மா என்பாள். குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இவர்கள் அண்ணன் தங்கை இல்லை.

அப்போதும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஓர் ஆணும் பெண்ணும் மலைக்கு வந்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. என்னைக் கேடயமாக வைத்துச் சீட்டு வாங்கியதில்தான் எரிச்சல்.

ஆனால் அன்று மாலை இரண்டாவது விடுதியில் நடந்தது வேறு.

அங்கே ஈரத்துணி காயவைக்க ஓர் அறை உண்டு. நடுவில் பெரிய கணப்பு, சுற்றிலும் கயிறுகள். என் காலுறைகளை எடுக்கப் போனேன். தொங்கிய போர்வைகளுக்கு அந்தப் பக்கம் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனால் அவள் கோபமாக இருந்தாள்.

"அந்தம்மா போற வரைக்கும் நான் காத்துக்கிட்டே இருக்கணுமா?"

"மெதுவாப் பேசு. அவங்களுக்கு ஒரு துளி தெரியக் கூடாது. தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சுது."

"இன்னும் எத்தன நாளைக்கு?"

"ரொம்ப நாள் ஆகாதுன்னுதான் தோணுது" என்றார் அவர்.

ஈரக் காலுறைகளோடு பூனை மாதிரி வெளியே வந்தேன். இந்த மலையில் 'அந்தம்மா' என்று சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? போவது என்றால் எங்கே? என்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர்களுக்கும் ஏதாவது நடக்கத்தான் செய்கிறது என்று அடுத்த நினைப்பு வந்தது. கயிறு அறுந்த இடத்தில் காரணம் கேட்டு நான் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன். காரணம் எப்போதும் பிறகுதான் தெரியும்.

விடுதியைப் பார்த்துக்கொள்பவர் பெரிய மீசைக்காரர். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். அண்ணன் தங்கை என்று சொல்லிக்கொள்கிறார்கள், பேச்சு அப்படி இல்லை, அவங்க அம்மா வேற இவங்க அம்மா வேற மாதிரி பேசறாங்க, என்னைப் பற்றி ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்றெல்லாம்.

மீசைக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டை எடுத்துப் பார்த்தார். "ஒரு வீட்டு நம்பர் இருக்கே. செல்லு இங்க எடுக்காது, போன் லைன் இந்தக் காத்துல செத்துக் கிடக்கு. வந்ததும் கூப்பிட்டுக் கேக்கறேன். உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்க இருக்காங்க, நல்லா இருக்காங்கன்னு சொன்னா, நெஜமா பொய்யான்னு அதுலயே தெரிஞ்சுடும்."

"நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

அன்று காலணியோடே படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போதும் லைன் வரவில்லை. மீசைக்காரர் வாசல் வரை வந்து வழி சொன்னார். "ரெண்டு மணி நேரத்துல பாதை ரெண்டாப் பிரியும். காத்து அடிச்சா கீழ்ப்பாதைல போங்க. ஓடை பொங்கினா மேல்பாதை. ரெண்டும் அடுத்த விடுதிக்குத்தான் போகுது." என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அதுவே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

பிரியும் இடத்துக்கு வந்தபோது காற்றும் அடித்தது, கீழே ஓடையின் இரைச்சலும் கேட்டது.

"கீழ போயிடலாம். ஓடை இன்னும் கரைக்குள்ளதான் இருக்கும். மேல போனா காத்து ஆளையே தூக்கிடும்" என்றாள் ஓட்டுநர்.

கீழ்ப்பாதையைப் பார்த்தேன். ஓரடி அகலம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், பள்ளத்தில் வெள்ளை வெளேர் என்று தண்ணீர். அங்கே ஒருவர் கால் தவறினால் தேடக்கூட வேண்டியதில்லை.

"நான் மேல போறேன்" என்றேன்.

"அக்கா, சொன்னாக் கேளுங்க. மூணு பேரும் சேந்துதான் போகணும்னு சீட்டுல இருக்கு."

"சீட்டுக் குடுத்தவரு இங்க இல்ல. நீங்க உங்க வழில போங்க. விடுதில பாக்கலாம்."

கண்ணாடிக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எங்க மேல ஏதாவது கோவமா?"

திரும்பி ஏறினேன். பத்தடியில் மூடுபனி எனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டது.

அவள் சொன்னது உண்மைதான். முகட்டில் காற்று ஆளைத் தூக்கியது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து, ஐந்து கற்குவியல்கள் வரை எண்ணினேன். ஆறாவது எங்கே என்று நிமிர்ந்து பார்த்தபோது இடது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கியது. உடம்பு ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் திரும்பின. கைத்தடி போன இடம் தெரியவில்லை.

எப்படியோ புரண்டு ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்தேன். கால் ஊன்ற முடியவில்லை. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன், ஊதவில்லை. ஊதினால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம். ஊதாவிட்டால் யாருமே வரமாட்டார்கள் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. விரல்கள் மரத்துப்போய், விசிலைப் பிடித்திருக்கிறேனா என்றே தெரியாமல் போனபோதுதான் ஊதினேன்.

இரண்டாவது முறை ஊதி முடிப்பதற்குள் மஞ்சள் கோட்டு தெரிந்தது.

"எங்க அடிபட்டுச்சு?" என்று ஓட்டுநர் மண்டியிட்டாள். "தலைல பட்டுச்சா? என்னப் பாருங்க. இது எத்தன விரல்?"

"நீங்க கீழ போகலியா?"

"பஸ்ல ஒரு பிள்ளை குறைஞ்சாலும் நான் வண்டிய எடுக்க மாட்டேன். உங்கள விட்டுட்டுப் போவேனா? பின்னாடியேதான் வந்தோம். மூடுபனில நீங்க கண்ணுக்குத் தெரியல."

கண்ணாடிக்காரர் அந்தச் சாம்பல் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். தன் கழுத்துத் துணியால் என் முழங்காலைக் கட்டினார். திருகாணி முடுக்கிப் பழகிய விரல்கள். இறுக்கவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். முகட்டுக்குக் கீழே அவசரத்துக்கு ஒதுங்கக் கட்டியிருந்த கல் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் பக்கத்தில் பள்ளம் இருந்தது. அவர்கள் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும்.

கொட்டகைக்குள் தகரக் கூரையில் மழை தடதடத்தது. ஒரே பலகை. என்னை அதில் உட்கார வைத்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். பல் தந்தியடித்தது. குடித்து முடித்ததும் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"சொன்னோமே" என்றார் அவர்.

"நேத்து 'உங்க அம்மா'ன்னு கேட்டாங்க. நான் காதால கேட்டேன்."

ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தாள். இந்த முறை அவர் கண்ணால் தடுக்கவில்லை.

"ஆமா, கேட்டேன். இவரோட அம்மாதானே" என்றாள். "எங்கம்மா வேற. அப்பா ஒருத்தர்."

மழைச் சத்தத்தில் எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. கண்ணாடிக்காரர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா தண்ணி பம்பு விக்கிற கம்பெனில இருந்தாரு. மாசத்துல பத்து நாள் வெளியூரு. போன வருஷம் தவறிட்டாரு. அவரு பையக் காலி பண்ணும்போது ஒரு கண்ணாடி கிடைச்சுது. இருபது வருஷமா அவருக்கு நான்தான் கண்ணாடி போட்டுக் குடுத்தேன். அந்தக் கண்ணாடில இருந்த பவர் நான் எழுதின பவர்தான். ஆனா அது நான் போட்ட கண்ணாடி இல்ல. உறைல வேற ஊரு கடை பேரு. எங்கடைய விட்டுட்டு எங்கப்பா எதுக்கு வேற கடைல போடணும்? அந்த ஊருக்குப் போனேன். ஒரே தொழில்காரன்னு அந்தக் கடைக்காரரு ஏட்டைப் பாத்து விலாசம் குடுத்தாரு. போய்க் கதவத் தட்டினேன். எங்கப்பா மூக்கோட இவ வந்து நின்னா."

"நான் பம்பு ரிப்பேருக்கு ஆளு வந்திருக்குன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. இவளுக்குச் சின்ன வயசுலயே தெரியுமாம்."

"ரெண்டாவது வீட்டுல இருக்கறவங்களுக்கு எப்பவும் தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எங்கம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. இவரு வந்ததுல எனக்குச் சந்தோசம்தான். ஆனா வீட்டுக்கு வரக் கூடாதாம், போன் பண்ணக் கூடாதாம். இவங்க அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு, நெஞ்சுக்கு மாத்திரை. தெரிஞ்சா தாங்க மாட்டாங்களாம். அவங்க போற வரைக்கும் நான் யாரோவா இருக்கணும். நேத்துகூட அதுக்குத்தான் சண்ட போட்டேன்."

"நாலு நாள் சேந்து நடந்தா கொஞ்சம் பழகிக்கலாம்னு நெனச்சோம்" என்றார் அவர். "வீட்ல, கடை விஷயமா ஒரு பயிற்சிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

இப்போது நிமிர்ந்து இருவரையும் பார்த்தேன். தொப்பி இல்லாமல், தலை நனைந்து ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரே மூக்கு. ஒரே தாடை. மூன்று நாளாக இது என் கண்ணில் படவில்லை. மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண்.

அவர்கள் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். மீசைக்காரர் என் பேரைச் சொல்லமாட்டார். லைன் வராமலே போகலாம். முழங்காலைத் தடவியபடி இந்த எண்ணத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டுநர் தன் பையிலிருந்து காய்ந்த காலுறை ஒரு ஜோடியை எடுத்து, "உங்களோடது சொட்டச் சொட்ட இருக்கு, இதப் போட்டுக்கங்க" என்று நீட்டினாள். அப்போதுதான் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாமல் போனது.

"நேத்து சாயங்காலம் அந்த விடுதிக்காரர்கிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன்" என்றேன். "லைன் வந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்னாரு. உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்க இருக்காங்கன்னு."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் காய்ந்த துணி எதுவும் இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பகல்ல அம்மாதான் போன் எடுப்பாங்க" என்றார்.

"எதுக்குக்கா? நாங்க உங்கள என்ன பண்ணினோம்?" என்று அவள் கேட்டாள்.

"அந்தம்மான்னா நான்னு நெனச்சேன்" என்றேன். அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவர் எழுந்து பையை மாட்டினார். "நான் முன்னாடி போறேன். அடுத்த விடுதில லைன் இருந்தா அவரக் கூப்பிட்டு நிறுத்திடலாம். தனியாப் போனா ரெண்டு மணி நேரம்."

"இந்தக் காத்துல தனியா விட மாட்டேன்" என்றாள் தங்கை.

"அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? நானா?"

அவர் நின்றார். பிறகு வந்து என் இடது பக்கம் தோள் கொடுத்தார். அவள் வலது பக்கம். இரண்டு மணி நேர வழி எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. என் கால் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நிமிடமும் அவர் அம்மாவுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். ஒரு தடவைகூட "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது விடுதியில் கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில் அறிவிப்புப் பலகை. சாக்பீஸில் எழுதிய அன்றைய வானிலை, அதற்குக் கீழே ஊசியில் குத்திய துண்டுச் சீட்டு. 'கண்ணாடிக் கடைக்காரர் உடனே வீட்டைக் கூப்பிடவும். காலை 9.20.' நாங்கள் கிளம்பி ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, லைன் வந்திருக்கிறது. நான் பாதை பிரியும் இடத்துக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கிறது.

போன் சாப்பாட்டு அறையின் மூலையில் இருந்தது. ஈரக் கோட்டோடே போய் நின்று பேசினார். எங்களுக்கு அவர் பக்கம் மட்டும் கேட்டது. "ம்." "அம்மாகிட்ட குடு." "ஏன்?" "ம்." "மாத்திரை போட்டாங்களா?" "ம்." வைத்துவிட்டு வந்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரிதான் பேசினா. 'எனக்கு ஒரே பிள்ளைதான், தப்பான நம்பருங்க'ன்னு அம்மா முதல்ல சொன்னாங்களாம். அவரு விடாம, ஒரு பொண்ணு கூட இருக்காங்களே, தங்கச்சின்னு சொல்றாங்களேன்னு கேட்டிருக்காரு. அதுக்கப்புறம் அம்மா ஒண்ணும் பேசலயாம். ரூமுக்குப் போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்களாம். சாப்பிடல."

தங்கை அவர் கையைப் பிடித்தாள். மூன்று நாளில் அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான், தொப்பியைத் தவிர.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சாமான் ஏற்றி வந்த ஜீப்பில் என்னைக் கீழே அனுப்ப ஏற்பாடு ஆயிற்று. அதில் இன்னும் இரண்டு இடம் இருந்தது. அண்ணன் ஏறிக்கொண்டார். அவருக்கு அவசரம். தங்கை ஏறவில்லை.

"நான் நடந்தே வரேன்" என்றாள். "இன்னிக்குத்தான் வழி தெரியுது."

"சீட்டுல மூணு பேர்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லன்னு என்னால இப்போ சொல்ல முடியல, மேடம்" என்றார் மரியாதையாக. பஸ் நிலையத்தில் என் பையை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார், "நான் வந்திருந்தா இது நடந்திருக்காது அண்ணி" என்றாள். என் கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஓட்டுநருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் பேர் பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. நீளமான கடிதம். அடித்து அடித்து மூன்று தடவை எழுதினேன். கீழே என் போன் நம்பரை எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையில், மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருக்கும்போது அழைத்தாள்.

"கடிதம் வந்துச்சு" என்றாள். "அந்தம்மா பதினோரு நாள் அவருகிட்ட பேசல. இப்போ பேசறாங்க. என்னப் பத்தி மட்டும் பேச்சே எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணா அவரு கூடத்துலயே உக்காந்து பேசறாரு, ஒளிச்சுப் பேசறதில்ல. அந்தம்மா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறாங்களாம். ஆனா கதவச் சாத்தறதில்லயாம். அவரு அத ரொம்பப் பெருசாச் சொல்றாரு. எனக்கு என்ன நெனைக்கறதுன்னு தெரியல."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்" என்றாள். "நீங்க பண்ணினது நல்லதுக்குத்தான்னு அவரு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. நான் அப்படி நெனைக்கல. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"சரிதான்" என்றேன்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"படி இறங்கும்போது மட்டும் வலிக்குது."

"கட்டுப் போட்டுக்கிட்டு இறங்குங்க. இனிமே எழுதாதீங்க. கோவத்துல சொல்லலக்கா. எனக்குப் பதில் எழுத வராது."

வைத்துவிட்டாள். கீழே ஆறாவது மாடியில் லிஃப்ட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர், "மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்று கூப்பிட்டுக் கேட்டார். ஒன்றும் இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.